உவனை அனுப்பிவிடு, பிள்ளையாரே

துவாரகன், அபிநயா, சின்னவன் கவின், இதை உங்கள் மூன்று பேருக்கும்தான் எழுதுகிறேன். அறநெறி வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாமா என்று ரீச்சர் கேட்டா. நான் துவாரகனிடம் கேட்டேன். "வாசிக்கட்டும் அப்பா. என்ரை பேரையும் போடுங்கோ" என்றான். அதனால் போட்டிருக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

போன வருடம் ஆவணி மாதம் நாங்கள் எங்கள் துவாரகனை இழக்கப் பார்த்தோம்.

எங்கள் வீட்டு ஒழுங்கை, அந்த ஒடுங்கின தெரு, உங்களுக்குத் தெரியும். அச்சுவேலிச் சந்தைப் பக்கமிருந்து வந்தால் முதல் மூன்று வீடும் பூட்டிக் கிடக்கும். ஆட்கள் கனடாவிலும் லண்டனிலும். விளக்குக் கம்பத்தில் பல்ப் போட்டால் இரண்டு நாளில் கல் விழும். பெடியள் கரப்பந்து விளையாடிய காணியை ஒருவர் வாங்கி வேலி அடைத்துவிட்டார். ரியூசன் விட்டு வருகிற பெடியளுக்கு நின்று கதைக்க ஓர் இடம் இல்லை. நடு வீட்டின் பின்மதில் இடிந்திருந்தது. அதற்குள்ளால் உள்ளே போகத் தொடங்கினார்கள். முதலில் போனில் பாட்டுக் கேட்டார்கள். பிறகு சிகரெட். பிறகு போதைக் குளிசை. பொழுதுபடும் நேரம் எவனோ மோட்டார் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போவான். சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்கும். கேட்டதும் அவரவர் கேற்றைச் சாத்திக்கொள்வோம்.

அந்தக் கூட்டத்தில் துவாரகனும் போய்ச் சேர்ந்தான். அங்கே அவனுக்கு இரண்டு வயது மூத்த ஒருவன். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை. தகப்பன் இல்லை. சித்தி வீட்டில் படுக்க மட்டும் போவான். அவன் பெயரை நான் எங்கள் வீட்டில் சொன்னதே இல்லை. 'உவன்' என்றுதான் சொல்லுவேன். "உவன் மதிலடியிலை நிக்கிறான், நீ உள்ளுக்குப் போ." ஒருநாள் கவின், "அப்பா, அந்த அண்ணைக்கு உவன் எண்டுதான் பேர் வைச்சவையோ?" என்று கேட்டதும் அம்மா சிரித்ததும் ஞாபகம் இருக்கா?

சிரிப்பு அதோடு போய்விட்டது. துவாரகன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கண் சிவந்து கிடந்தது. கேட்டால், "ரியூசனுக்குத்தானே போட்டு வாறன்" என்று கதவைச் சாத்துவான். அம்மா என்னிடம் சொன்னா: "பிள்ளை கையைவிட்டுப் போகுது. நீங்கள் வெங்காயத் தோட்டத்தையே பாருங்கோ." எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னுக்கு நின்று தலையில் குட்டிக் கும்பிட்டேன். என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்.

"உவனை அனுப்பிவிடு, பிள்ளையாரே."

சதுர்த்திக்கு முந்திய வெள்ளியும் அதையே கேட்டுவிட்டு வந்து, பின்னேரம் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடும்போது பக்கத்தில் ஆள் கூப்பிட்டாலும் கேட்காது. திடீரென்று மெசின் நின்றது.

"ஆர்ரா மெசினை நிப்பாட்டினது?"

திரும்பினால் உவன். மேலில் சட்டை இல்லை. எனக்குக் கண் மண் தெரியவில்லை. மண்வெட்டியை ஓங்கிவிட்டேன். அவன் ஓடவில்லை.

"அடியுங்கோ மாமா. பிறகு அடியுங்கோ. முதல் வாங்கோ. துவாரகன் விழுந்து கிடக்கிறான். எழுப்ப எழும்புறானில்லை."

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. இடிந்த மதிலுக்குள்ளால் போனோம். மற்றப் பெடியள் ஒருவரும் இல்லை. செருப்புகள் மட்டும் கிடந்தன. என் பிள்ளை நிலத்தில் சரிந்து கிடந்தான். வாயெல்லாம் சத்தி எடுத்த வாந்தி. உதடு நீலம். தலைக்குக் கீழே உவனுடைய சட்டை மடித்து வைத்திருந்தது. "துவாரகா" என்று கத்தினேன். உவன் சந்திக்கு ஓடி ஓட்டோ பிடித்து வந்தான். தலையை நான் தூக்க, காலை அவன் தூக்கினான்.

ஓட்டோக்காரர் என் காதடியில் சொன்னார்: "அண்ணை, உவனை இறக்கிவிடுங்கோ. பொலிஸ் வந்தால் கரைச்சல்."

அது உவனுக்கும் கேட்டது. உவனே சொன்னான்: "என்ன குளிசை எண்டு எனக்குத்தான் தெரியும். டொக்டர் கேப்பினம். நான் வாறன்."

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டதும் அதுதான். என்ன எடுத்தவர், எத்தனை, எப்ப? தகப்பன் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். பிறகு டொக்டர் பெண்பிள்ளை வெளியே வந்து, "ஆர் இவரைச் சரிச்சுப் படுக்க வைச்சது?" என்று கேட்டா. உவன் தலை குனிந்தபடி, "நான்தான்" என்றான். "நல்ல காரியம் செய்திருக்கிறீர் தம்பி. இல்லாட்டில் சத்தி மூச்சுக்குழாய்க்குள்ளை போயிருக்கும்."

அம்மாவும் ஓடி வந்துவிட்டா. விடியுமட்டும் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தோம். அம்மா சிவசிவ என்பதை விடவில்லை. அந்த வாங்கில்தான் எனக்கு உறைத்தது. பிள்ளையாரிடம் நான் என்ன கேட்டேன்? உவனை அனுப்பிவிடு என்று கேட்டேன். அவர் அனுப்பிவிட்டார், என் தோட்டத்துக்கு. நான் அடிக்க ஓங்கினேன்.

காலையில் துவாரகன் கண் திறந்தான். "அவன் எங்கை அப்பா?" என்றுதான் முதலில் கேட்டான். அதற்குள் பொலிஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நானும் போய், இந்தப் பிள்ளை வராவிட்டால் என் பிள்ளை இல்லை என்று சொன்னேன். நீதவான் கோட்டில் அவனைப் போதை மறக்கப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

கனடாவில் இருக்கும் அந்த நடு வீட்டின் சொந்தக்காரருடன் கதைத்தேன். "அங்கை இப்பிடி நடக்குதெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை அண்ணை. வளவைப் பெடியளுக்கு விடுங்கோ" என்றார். ஒழுங்கை ஆட்கள் சேர்ந்து பற்றை வெட்டினோம், மதிலைக் கட்டினோம், கரப்பந்து வலை கட்டினோம். எரியாத கம்பத்தில் பல்ப் எரிகிறது. எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். துவாரகன் இன்னும் மாதாமாதம் கிளினிக் போகிறான். மோட்டார் சைக்கிள் இன்னும் சிலவேளை வருகிறது. இப்போது சத்தம் கேட்டால் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்கிறோம்.

பிள்ளைகளே, உங்களுக்குப் பயமான நேரம் வந்தால் பிள்ளையாரைக் கூப்பிடுங்கள். எங்களையும் கூப்பிடுங்கள். அவர் ஆரை அனுப்புவார் என்று நாங்கள் சொல்ல ஏலாது. வருகிற ஆளைப் பார்த்து மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

துவாரகன் வீட்டுக்கு வந்த பிறகு நேர்த்திக்கடன் தீர்க்கப் போனேன். அன்றிரவு ஆஸ்பத்திரியில் நேர்ந்தது ஒரு தேங்காய். நான் இரண்டு கொண்டு போனேன். உங்களுக்கு இதைச் சொல்லவில்லை. பூசை முடிந்து சனம் போகும்வரை நின்றேன். முதல் தேங்காயைத் துவாரகன் பேரைச் சொல்லி உடைத்தேன். மற்றதைக் கையில் எடுத்ததும் பழக்கத்தில் வாய் 'உவன்' என்று தொடங்கியது. அப்படியே நிறுத்தினேன். பிறகு "நிரோஜன்" என்று பிள்ளையாருக்குக் கேட்கச் சொல்லி, ஓங்கி உடைத்தேன்.