காட்டுமாட்டின் மேல் நான் ஏவிய நாய்

என் நாயை நான்தான் அவிழ்த்துவிட்டேன். சங்கிலி அறுந்துபோகவில்லை, கதவு தானாகத் திறந்துகொள்ளவும் இல்லை. கீழே பாதையில் சரோஜா வருகிறாள் என்று தெரிந்தேதான் அவிழ்த்துவிட்டேன். பிறகு பழியைத் தூக்கி அவளுடைய நாயின் மேல் போட்டேன்.

இத்தனை வருடங்களில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல... மன்னிக்கிற உரிமை உங்களுக்கு ஏது? அது யாருக்கு உண்டோ, அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கோத்தகிரிப் பக்கம், கட்டபெட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கள் காலை போய்விடுவார். நான் தனியாக இருக்கிறேனே என்று அவர் வாங்கி வந்த குட்டிதான் ரூபி.

ரூபியைப் போல ஓர் அவசரக்குடுக்கையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அணில் ஓடினால் குரைப்பாள். காட்டுக்கோழி கூவினால் குரைப்பாள். மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தால் அதற்கும் ஒரு பாட்டு! முள்ளம்பன்றியிடம் வம்புக்குப் போய் மூக்கில் முள்ளோடு திரும்பினாள். வைத்தியம் பார்த்துக் கூட்டிவந்த மறுநாளே அதே புதருக்குள் தலையை விட்டாள். பட்டும் புத்தி வராத ஜென்மம். அவளைச் சொல்லி என்ன பயன்? அவள் நாய். எனக்கு என்ன கேடு?

எங்கள் சரிவுக்குக் காட்டுமாடு புதிதல்ல. கூட்டமாக வருபவை போக, தனியாக ஒரு கிழட்டுக் காளை வரும். அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தோம். முதலில் பார்க்கிறவர் கீழ்வீட்டுக்குப் போன் செய்வார். கீழ்வீட்டார், சரிவின் அடியில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குச் சொல்வார்கள். "பெரியவர் இறங்கியிருக்காருங்க" என்றால் போதும். நாய்களை உள்ளே கட்டிவிடுவோம். பாதையில் யாரும் நடமாட மாட்டார்கள். அவர் மேய்ந்து முடித்துத் தன் இஷ்டத்துக்குப் போவார்.

யாரும் விரட்டக் கூடாது. விரட்டினால் மாடு சரிவில் கீழ்நோக்கித்தான் பாயும், கீழே இருப்பது பாதை. இது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

சரோஜா அந்த லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிப்பவள். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மணி என்கிற செவலை நாய் அவள் காலடியிலேயே நடக்கும். அது வாய் திறந்து நான் கேட்டதில்லை. காட்டுமாட்டைக் கண்டால் அவள் சேலைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். பள்ளிக்கூடம் முழுவதையும் அடக்கிய டீச்சருக்கு ஒரு நாயை அடக்க முடியவில்லையே என்று சரோஜா என்னைக் கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கேலி எனக்குப் பிடிக்கவில்லை... அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு கோடை விழாவை ஒட்டி நடக்கிற வீட்டுத் தோட்டப் போட்டிக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை நடுவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. மாதக்கணக்கில் முதுகொடிய உழைத்திருந்தேன். டேலியா, சால்வியா, பிகோனியா... புல்தரையின் ஓரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சீர்செய்தேன் என்றால் நம்புவீர்களா? பரிசு வாங்கி யாருக்குக் காட்டப் போகிறேன்? தெரியாது. ஆனால் எனக்கு அது வேண்டும். வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் மூடுபனி இறங்கியது. வேலி முறிகிற சத்தம் கேட்டுச் சன்னல் வழியே பார்த்தேன். பெரியவர் என் புல்தரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு டேலியாப் பாத்தி ஏற்கெனவே சேறாகியிருந்தது. உள்ளே கட்டியிருந்த ரூபி சங்கிலியை இழுத்துக்கொண்டு துள்ளினாள்.

நான் போனை எடுத்திருக்க வேண்டும். கீழே சொல்லிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் பொறுத்திருந்தால் அவர் அங்கேயே படுத்து அசைபோடுவார். காலையில் தோட்டம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. போனைத் தொடவில்லை. சங்கிலியில் கை வைத்தேன்.

அப்போதுதான் அது கேட்டது... கீழே பாதையில் சரோஜாவின் குரல். மணியைக் கூப்பிட்டுக்கொண்டே வேலை முடிந்து வருகிறாள்.

கேட்கவில்லை என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். மூடுபனி, ரூபியின் கூச்சல், எனக்கு வயதாகிவிட்டது... எதுவும் எடுபடவில்லை. கேட்டது. தெளிவாகவே கேட்டது. கேட்ட பிறகுதான் சங்கிலியை அவிழ்த்தேன், கதவைத் திறந்தேன்.

என்ன நினைத்தேன்? அவள் இன்னும் தூரத்தில் இருக்கிறாள் என்றா? அல்லது அவளைப் பற்றி நினைக்கவே இல்லையா? எனக்கே தெரியவில்லை. "பிடி" என்று ரூபியிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

ரூபி பாய்ந்தாள். பெரியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வேலியின் மறுபக்கத்தையும் முறித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். ரூபி வேலியருகிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய வீரம் எப்போதும் அதுவரைக்கும்தான். கீழிருந்து ஓர் அலறல் வந்தது.

இதைக் கேளுங்கள். அலறல் கேட்டதும் நான் கீழே ஓடவில்லை. முதலில் ரூபியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வந்து உள்ளே கட்டினேன். கதவைச் சாத்தினேன். அதன் பிறகுதான் படியிறங்கி ஓடினேன்!

சரோஜா தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்தாள். தொடை கிழிந்து, இடுப்பு நொறுங்கிப்போயிருந்தது. மணி அவள் தலைமாட்டில் நின்று முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது, அப்போதும் குரைக்கவில்லை. லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அவள் கணவன் முருகையா அவளை எஸ்டேட் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். கோத்தகிரியில் கட்டுப்போட்டு, அப்படியே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை நடுவர்கள் வந்தார்கள். இரவோடு இரவாக வேலியைக் கட்டி, சேறான பாத்தியை மண் போட்டு மூடி, அதன் மேல் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். சிரித்த முகத்தோடு சுற்றிக் காட்டினேன். எனக்குப் பரிசும் கிடைத்தது. காறித் துப்புங்கள்... துப்ப வேண்டிய இடம்தான்.

அன்று மாலை வனத்துறையிலிருந்து இருவர் வந்தார்கள். துணிமணி எடுத்துப்போக ஊருக்கு வந்திருந்த முருகையாவும் கூட நின்றான். இத்தனை வருடமாக ஒருவரையும் முட்டாத மாடு ஏன் மிரண்டது, நாய் ஏதாவது விரட்டியதா என்று விசாரித்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பது போல வந்தது.

"அவங்க மணிதானுங்க குரைச்சுது. என்ற ரூபி ஊட்டுக்குள்ள கட்டிக் கெடந்துச்சுங்க."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். டீச்சர் பொய் சொல்வாரா? முருகையா தலையைக் குனிந்துகொண்டான்.

நான் சொன்னது அந்த இடத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். ஆனால் அது லயம் முழுவதும் போனது. மாட்டை வம்புக்கிழுத்து எஜமானிக்கே எமனாகப் பார்த்த நாய் என்று மணிக்குப் பெயர் ஆயிற்று. சிலர் கல்லால் அடித்தார்கள். சரோஜா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே முருகையா அதைத் தேயிலை லாரியில் ஏற்றி, மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் ரோட்டோரத்தில் இறக்கிவிட்டு வந்தான். குளிரில் பிறந்து வளர்ந்த நாய்! அந்த வெயிலில் அது எத்தனை நாள் இருந்திருக்கும்? லாரி புறப்பட்டபோது நான் வாசலில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சரோஜா பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தாள். ஒரு கால் குட்டையாகிவிட்டது. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் இப்போது அவளுக்கு வேலை. கோபம் வரும்போதெல்லாம், நீ செல்லம் கொடுத்துக் கெடுத்த நாயால் வந்த வினை என்று முருகையா குத்திக்காட்டுவானாம். அவளும் அப்படித்தான் நம்பினாள். நாயை வளர்க்கத் தெரியாதவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வாள். வளர்த்தால் டீச்சரைப் போல வளர்க்க வேண்டும் என்று பிறரிடம் சொல்கிறாள் என்பதும் என் காதுக்கு வந்தது. எப்படி இருக்கும் எனக்கு, சொல்லுங்கள்!

ரூபிக்கு இப்போது வயதாகிவிட்டது. காதும் கேட்பதில்லை, குரைப்பும் நின்றுவிட்டது. தோட்டத்தில் முயல் வந்து மேய்ந்தாலும் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். அவளைப் பார்க்க சரோஜா எப்போதாவது பன் வாங்கிக்கொண்டு வருவாள். காலை இழுத்து இழுத்து என் வீட்டுப் படி ஏறி வருவாள்.

போன வாரமும் வந்தாள். பன்னைப் பிய்த்து ரூபிக்கு ஊட்டிவிட்டு, வெகுநேரம் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"எனக்கு ஒண்ணு விளங்கல டீச்சர். அன்னைக்கு மணி என் காலுக்குப் பின்னாலதான் நின்னுச்சு. அது குரைச்ச மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. நீங்கதான் மேல இருந்து கேட்டிருக்கீங்க. நெசமாவே குரைச்சுதா? ஒண்ணும் செய்யாத சீவன அநியாயமா தொரத்திட்டமோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது."

அவள் கண்களில் சந்தேகம் இல்லை. என் மேல் துளியும் இல்லை. மணிக்காகத்தான் கேட்டாள். இல்லை சரோஜா, குரைத்தது இதோ உன் மடியில் தலை வைத்திருக்கிறதே, இதுதான், ஏவியது நான்... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்க்கை முழுவதும் பிள்ளைகளுக்கு உண்மை பேசு, உண்மை பேசு என்று ஓதிய வாய் இது.

"குரைச்சுது சரோஜா. நான் நல்லாவே கேட்டனே" என்றேன்.

அவள் நீளமாக மூச்சுவிட்டாள். "அப்பச் சரி டீச்சர். நீங்க சொல்லிட்டீங்க, இனி நிம்மதியா இருப்பேன்" என்றாள்.

எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொடுத்தேன். அந்தப் பாதை வரைக்கும் என் மேல் சாய்ந்துகொண்டே இறங்கினாள்.