சாயம் பார்க்கும் மிஷின்

அத்தாவின், அதாவது என் அப்பாவின், தம்பியான எங்கள் சின்னத்தா துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் சட்டைத்துணி கொண்டுவரலாமே, பிள்ளையின் கண்ணைக் கெடுக்கிற சாமான் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். துணிக்கடைக்காரர் வீட்டுக்கு எவனாவது சட்டைத்துணி வாங்கி வருவானா என்று சின்னத்தா திருப்பிக் கேட்ட பிறகுதான் அது நின்றது.

பெட்டியின் முதுகில் ஒரு கேமரா இருந்தது. உள்ளே இருந்த விளையாட்டின்படி, உலகத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் ஒரு ஜந்து ஒளிந்திருக்கிறது. கேமராவை ஒரு பொருளின் மேல் காட்ட வேண்டும். அந்த நிறத்தின் ஜந்து அங்கே இருந்தால் பெட்டி கீச்சுக் குரலில் கத்தும். திரையில் அந்தப் பொருளைப் பிளந்துகொண்டு ஜந்து எழுந்து வரும். கை ஆடாமல் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால் அது நம்முடையது. ஒரு நிறத்தின் ஜந்தைப் பிடித்துவிட்டால் அந்த நிறத்துக்குப் பெட்டி மறுபடி கத்தாது. வெறும் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் எப்போதும்போலத்தான் இருக்கும், அதில்தான் எனக்குப் பெருமை.

வாழையிலையில் ஒன்று பிடித்தேன். மாம்பழத்தில் ஒன்று. அம்மாவின் வெங்காயக் கூடையில், சருகு நிறத்தில், முயல் காதும் பல்லி வாலுமாக ஒன்று கிடைத்தது. அம்மா கரண்டியும் கையுமாகத் துரத்தத் துரத்த வீட்டிலிருந்த நிறங்களையெல்லாம் தீர்த்துவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு கட்டம் காலியாக நின்றது. அடர்ந்த அரக்கு. வீட்டில் எந்தச் சேலையிலும் அது இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து அத்தாவின் கடைக்குப் போனேன்.

கடை பாலக்காடு டவுனில், பழைய தெருவில் இருந்தது. வெள்ளை விரிப்பின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து சேலை பார்க்கும் கடை. எலப்புள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள்தான் எங்களுக்குக் கல்யாண வாடிக்கை. ஆனால் அப்போது அவர்களும் கோயமுத்தூரில் நாலு மாடிக் கண்ணாடிக் கடைகளைத் தேடிப் போகத் தொடங்கியிருந்தார்கள். அந்த வருடம் முகூர்த்தப் பட்டு எடுக்க எங்கள் கடைப்படி ஏறியவர்கள் குறைவு. அத்தா வீட்டில் அதைப் பேசமாட்டார், சாப்பாட்டின்போது சும்மா இருப்பார், அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

கடையில் எனக்கு ஒரே ஒரு சட்டம். வாயைத் திறக்கக்கூடாது. முன்பு ஒருமுறை, புதுச்சரக்கு என்று மாமா விரித்துக் காட்டிய சேலையை, இது போன நோன்புக்கு வந்ததல்லவா என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். மாமா அம்மாவின் தம்பி. கடையில் விற்பனை அவர் பொறுப்பு. வாய் இருந்தால் எதையும் விற்கலாம் என்பது அவர் கட்சி.

அன்று மத்தியானத் தொழுகைக்கு அத்தா பள்ளிவாசலுக்குப் போன கொஞ்ச நேரத்தில் எலப்புள்ளியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, அத்தை, கூடவே பெண். மாமாவின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. சேலைகள் சரசரவென்று விழுந்தன. பெரியவர்கள் மூவரும் முன்னால் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். யாருக்குச் சேலையோ அவள் பின்னால், சுவரை ஒட்டி நான் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

குவியலிலிருந்து ஒரு சேலையை அவள் ஒற்றை விரலால் மெல்லத் தன் முழங்கால் பக்கம் இழுத்தாள். வெங்காயச் சருகு நிறத்தில் மெல்லிய கரையோடு இருந்த பட்டு அது. அத்தை அதை ஒரு தள்ளு தள்ளினாள்.

“வெளுத்தாப்ல இருக்குது. நாலு தண்ணி பட்டா இருக்கற சாயமும் போயிரும்.”

அதற்குள் பெண்ணின் அம்மா வேறொன்றை விரித்துவிட்டாள். அடர்ந்த அரக்கு. காலியாக நின்ற என் கடைசிக் கட்டத்தின் நிறம். பெட்டியை எடுத்து நீட்டினேன். பெட்டி கத்தியது. எருமைக்கன்று போலக் கொம்பு வைத்த ஒரு ஜந்து ஜரிகையைப் பிளந்துகொண்டு எழுந்து தலையை ஆட்டியது.

“ஏனுங்க, இந்தப் பையன் நம்ம புள்ளைய போட்டோ புடிக்கறானாட்ட இருக்குதுங்க” என்றாள் அத்தை.

பெண்ணின் அப்பா திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கை ஆடியது, ஜந்து மறைந்தது. அடுத்த நிமிடம் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். மாமாதான் முந்திக்கொண்டார்.

“போட்டோ எல்லாம் இல்லீங்க. சாயம் பாக்கற மிஷினுங்க அது. துபாய்ல இருந்து வந்தது. சாயம் கெட்டியா இருந்தா கத்தும்ங்க. பையனுக்குப் பழக்கி உட்டிருக்கறோம்.”

இவ்வளவையும் மாமா கண் இமைக்காமல் சொன்னார். அத்தைக்குச் சந்தேகம் தீரவில்லை. தன் மஞ்சள் துணிப்பையை நீட்டி, இதைப் பார் என்றாள். காட்டினேன். மாம்பழத்திலேயே நான் பிடித்து முடித்த மஞ்சள் அது. பெட்டி வாயே திறக்கவில்லை.

“நெசந்தானுங்க. இது போன வருசமே சாயம் போயிருச்சு” என்றாள் அத்தை. அதற்குப் பிறகு மிஷினுக்கு எதிராக யாரும் பேசவில்லை.

மறுபடி அரக்கில் காட்டச் சொன்னார்கள். மறுபடி கத்தியது. பொத்தானை அழுத்தவிடாமல் ஆளாளுக்கு என் தோளை இடித்தார்கள். அப்போதுதான் கல்யாணப் பெண் என் பக்கம் சாய்ந்து திரையை எட்டிப் பார்த்தாள். கொம்பு வைத்த எருமைக்கன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

“என்ன கண்ணு இது?” என்று காதோடு கேட்டாள். கடைச் சட்டத்தை மீறி, நானும் காதோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“இந்தச் சேலைல ஒண்ணுமில்லியா?” வெங்காயச் சருகைக் காட்டினாள்.

“இருக்கும்ங்கக்கா. ஆனா அதை நான் முன்னாடியே புடிச்சிட்டேன்.”

“புடிச்சத உட முடியுமா?”

“முடியும்.”

“எனக்காக உடேன்.”

அம்மாவின் கூடையில் வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை, நாளைக்கே பிடித்துக்கொள்ளலாம். விட்டுவிட்டு அந்தச் சேலையின் மேல் பெட்டியைக் காட்டினேன். வெகுநாள் அடைபட்டுக் கிடந்ததாலோ என்னவோ, அது அரக்கைவிடப் பலமாகக் கத்தியது.

மாமாவே ஒரு கணம் திகைத்துப்போனார். ஆனால் வந்த வாய்ப்பை விடுகிற ஆள் இல்லை. பார்த்தீர்களா, இது அதைவிடக் கெட்டி என்றார். அத்தை சேலையைத் தடவிப் பார்த்து, வெளுத்தாப்பில் இருந்தாலும் கெட்டிதானாட்டம் இருக்கிறது என்றாள். பெண்ணின் அம்மா அதை மகளின் தோளில் போட்டாள். அந்த அக்கா எழுந்து கண்ணாடி முன்னால் நின்றாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். சிறுபிள்ளையான எனக்கே அது தெரிந்தது.

அப்போதுதான் அத்தா வந்தார். தலையில் இருந்த தொப்பியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. பெண்ணின் அப்பா எழுந்து கைகூப்பினார்.

“வாங்க ராவுத்தரே. உங்க மிஷின் சொல்றத நம்பி எடுக்கலாமுங்களா?”

அத்தா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாலேயே காலில் விழுந்தார். ஒரே ஒரு ‘ஆமாங்க’ போதும். அந்த வருடத்தில் அப்படி ஒரு கூட்டம் மறுபடி வருமா என்று யாருக்கும் தெரியாது. அத்தா என்னிடம் கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“இது பையன் விளையாடற சாமானுங்க. இதுக்கும் சாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. என் மச்சினன் தப்பாச் சொல்லிட்டான், மன்னிச்சுக்குங்க.”

 போய்விடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பெண்ணின் அப்பா அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். கைக்கு வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு உண்மை சொல்கிற மனிதரை இப்போது எங்கே பார்ப்பது என்றார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

“மிஷின் கெடக்குதுங்க. நீங்க சொல்லுங்க, அதத்தான் எடுப்போம்.”

அத்தாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இரண்டு சேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். எந்தக் கல்யாண வீட்டுக்கும் சொல்வதைத்தான் அன்றும் நேர்மையாகச் சொன்னார்.

“சாயம் ரெண்டும் நிக்கும்ங்க, அதுக்கு நான் பொறுப்பு. முகூர்த்தத்துக்குன்னா அரக்குதானுங்க எடுப்பா இருக்கும்.”

அதோடு முடிந்தது. பெண்ணின் அம்மா மகளின் தோளிலிருந்து வெங்காயச் சருகை எடுத்து மாமாவிடம் கொடுத்தாள். அந்த அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடைச் சட்டப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரக்குச் சேலை கடையின் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, என் எருமைக்கன்றும் அதோடு போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. படியிறங்கும்போது ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

“அக்கா, அது அந்தச் சேலைக்குள்ளயேதான் இருக்குது.”

“இருக்கட்டும் கண்ணு. எனக்குத் துணைக்கு வரட்டும்” என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். புதுச்சேலையும் கிடைத்து, உள்ளே ஒரு ஜந்தும் சும்மா கிடைத்திருக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் வந்தது. கடையின் பின்னறையில் மூவரும் உட்கார்ந்தோம். அத்தா நல்ல மனநிலையில் இருந்தார். பெட்டியைத் திருப்பித் தந்து, இது ஏன் இரண்டு சேலைக்கும் கத்தியது என்று என்னிடம் கேட்டார். கடைச் சட்டம் பின்னறைக்குக் கிடையாது. சொன்னேன்.

“அரக்குல தானா வந்துச்சு அத்தா. இன்னொண்ணுல அந்தக் கல்யாண அக்காதான் என்னை விடச் சொன்னாங்க. அவங்களுக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு.”

“அந்தப் புள்ளையா கேட்டுச்சு?”

“ஆமா. எனக்காக விடுன்னாங்க.”

அத்தா சோறு பிசைவதை நிறுத்திவிட்டார். யாவாரம் ஆயிருச்சுல்ல மச்சான், சாப்பிடுங்க என்றார் மாமா. அத்தா கடைப்பக்கம் திரும்பி, மடிக்காமல் கிடந்த வெங்காயச் சருகுச் சேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பொய் சொன்னவர் மாமா. அவர் மீன் குழம்பை ஊற்றி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். உண்மை சொன்னவர் அத்தா. அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார். இது ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அத்தாவின் தட்டில் இருந்த மீனை எடுத்துக்கொள்ளலாமா என்று மாமாவிடம் கேட்டேன்.