மகனின் போனைத் தொட்டுக்கொண்டே இருந்தவர்

“போனை யாரு கையிலயும் குடுக்க மாட்டேன், வக்கீல் தம்பி” என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அந்த யோசனை பளிச்சிட்டது.

கமுதிப் பக்கத்து மிளகாய் விவசாயி. சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. ராமநாதபுரத்தில் என் சீனியரின் ஆபீஸில் சார்ஜர் பிளக்கின் அடியில் உட்கார்ந்து, முந்தாநாள் வெட்டிக் கொல்லப்பட்ட மகனின் போன் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தார். ‘இன்னைக்கு ஒன் தலை உருளும்’ என்று கொலைகாரன் அனுப்பிய மெசேஜ் அதில் இருந்தது. மெசேஜ் வந்த ஆப்பை நடத்தும் கம்பெனியாலும் அதைப் படிக்க முடியாது; இந்தப் போனில் மட்டும்தான் தெரியும்.

“எப்படிய்யா தொறந்தீங்க?” என்று கேட்டேன்.

“பிணவறையில அவன் விரலை வச்சு அழுத்துனேன். கை தனியாக் கெடந்துச்சு. திரும்பப் பூட்டிக்கிச்சுன்னா விரலுக்கு எங்கன போவேன்?”

“மெசேஜைச் சாட்சியமாக் காட்டணும்னா போன்காரன் சான்றிதழ் குடுக்கணும். செத்தவன் போனுக்கு யாருப்பா குடுப்பா? கோர்ட்டுல நிக்காது” என்றார் சீனியர்.

போனைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரும் அந்தச் சான்றிதழைக் கொடுக்கலாமே! இவரைவிடப் பொறுப்பாக யார் வைத்திருக்க முடியும்? நாளை இவர் கையெழுத்தோடு மாஜிஸ்திரேட் முன் நின்று பார்க்கப் போகிறேன்.