பத்தாவது பிள்ளை

போனக்கா என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக நின்று நின்று முட்டி தேய்ந்துபோனதால், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். ஸ்கேனில் குழந்தையின் மூளையில் ஏதாவது கோளாறு தெரிந்திருந்தால், பிறந்து இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும்.

"நாம சொன்னது சரியாப் போச்சா தப்பாப் போச்சான்னு நமக்கே தெரியணும் இல்ல?" என்றார் ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மா.

"வீட்டுல நாலு தடவை கேட்டாத்தான் ஒரு பதில் வருது. வெளிய பேசறதுக்குச் சம்பளமா?" என்றார் வீட்டுக்காரர்.

முதல் வாரமே அவளுக்குப் புத்தி வந்தது. "குழந்தை எப்படி இருக்கு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். "வயித்துலேயே கலைச்சிட்டோம். நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?" என்றார் அந்தப் பக்கத்தில் ஒரு தகப்பனார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டோமே என்று அன்று டீகூடக் குடிக்கவில்லை. அதிலிருந்து ஃபைலைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் போனைத் தொடமாட்டாள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். மூளையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும் பாலமே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு பெண்குழந்தை, செருப்பை மாட்டத் தெரியாமல், ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. மூன்று மாதம்கூடத் தங்காத பிள்ளைகளும் உண்டு.

ஒரு தையல்காரியின் ஃபைல் வந்தது. மூளைக்குள் நீர் நிற்கும் அறையின் அகலம் பத்து மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு. வேறு கோளாறு இல்லை. 'பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் நன்றாகவே வளரும் என்று சொல்லப்பட்டது' என்று எழுதியிருந்தது. இது சுலபமான போன் என்று நினைத்துத்தான் போட்டாள்.

"பையன் எப்படி இருக்கான்னு கேக்கறீங்களா?" என்றாள் தையல்காரி. மெஷின் நின்றது. "ரெண்டு வயசு முடிஞ்சுது. இன்னும் உக்காரலை. பத்துக்கு ஒன்பதுன்னீங்களே, அந்தப் பத்தாவது பிள்ளை எங்க வீட்டுலதான் இருக்கான். எழுதிக்கோங்க."

போன் கட்டானது. 'வளர்ச்சி தாமதம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போனக்காவின் வேலை முடிந்தது. போட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் திரும்பவும் கூப்பிட்டாள்.

"நேத்து கோபத்துல கத்திட்டேன்க்கா" என்றாள் தையல்காரி.

"கத்துனா என்னம்மா? பையனைக் கை கால் பயிற்சி கொடுக்கிற டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"எங்க காட்டுறது? என் நாத்தனார், லேட்டாத்தான் நடப்பான், விடுன்னாங்க. நீங்களும் நல்லா வளருவான்னு சொல்லியிருந்தீங்க. நம்பி உக்காந்திருந்தோம்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் போனக்கா டாக்டரம்மாவிடம் அப்படியே கொண்டுபோய்ச் சொன்னாள். டாக்டரம்மா ஃபைலை இரண்டு தடவை புரட்டினார். "கணக்கு தப்பில்லை. ஆனா பிறந்து ஆறு மாசத்துல ஒருதடவை கொண்டுவந்து காட்டுங்கன்னு சொல்லாம அனுப்பியிருக்கேன். அது என் தப்பு" என்றார். அடுத்த திங்கள் தையல்காரி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோதும் அதையே அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். தையல்காரி அழவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. மற்ற நாட்களில் அம்மாவே தையல் மேஜைக்குக் கீழே பாய் விரித்து, காலை மடக்கி நீட்டிப் பழக்கினாள். மூன்று வயதுக்கு முன்னால் உட்கார்ந்தான். நாலரை வயதில் காலுக்கு முட்டுக்கொடுக்கும் பட்டை கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பேச்சு ஏழெட்டு வார்த்தைதான். நடுவில் வந்த வலிப்புக்கு மருந்து தினமும் உண்டு. சீக்கிரம் ஆரம்பித்திருந்தால் இன்னும் தேறியிருப்பானா என்று தையல்காரி ஒருமுறை கேட்டாள். "கொஞ்சம் தேறியிருக்கலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றாள் போனக்கா. பொய் சொல்லி ஆறுதல் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

இப்போது அந்தப் பிரிவில், மூளையில் எது தெரிந்தாலும், சின்னதோ பெரியதோ, பிறந்த ஆறாம் மாதம் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லித் தேதி எழுதித்தான் அனுப்புகிறார்கள். வராதவர்களைக் கூப்பிடுவதும் போனக்காவின் தலையில் விழுந்தது. முட்டி வலி போய்க் கழுத்து வலி வந்துவிட்டது என்று வீட்டில் முனகிக்கொண்டே தைலம் தேய்த்துக்கொள்கிறாள்.

தையல்காரியிடம் மாதம் ஒருமுறை பேசுகிறாள். அதை எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை. போன வாரம் பேசியபோது, "எழுந்து நிக்கத் தெரிஞ்சதும் துரைக்குக் குறும்பு வந்திருச்சுக்கா. நூல்கண்டையெல்லாம் உருட்டி விட்டுட்டான், நான் கத்துறேன், அவன் சிரிக்கிறான்" என்றாள் தையல்காரி. "ஒரு நிமிஷம் இருங்க, கத்தரிக்கோலை எடுத்துட்டான்" என்று போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.