ஜாபஸின் அரை நிமிடம்

"ரெண்டு, அஞ்சு, ஒண்ணு" என்று முனகியபடி, ஆவடி பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியின் மேல் ஜாபஸ் விரலோட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் தன் செல்போனைப் பத்திரப்படுத்திக்கொள்கிறார்.

ஜாபஸுக்கு வயது நாற்பத்தேழு. பாடியில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. ஞாயிறு காலை சர்ச்சில் கீபோர்டு. சனிக்கிழமைகளில் பரந்தாமனின் கல்யாண பேண்டில் அதே கீபோர்டு. பதினோரு மாதமாக ஒரே ஒரு பழைய ஜாஸ் பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நாலைந்து சுரம் சேர்ந்து ஒலிக்கிறதே கார்டு, அதில் எதற்குப் பின் எது வருகிறது, அதன்மேல் எந்த சுரம் நிற்கும், எது வழுக்கும் என்று மூன்று நோட்டுப் புத்தகம் ஆயிற்று.

அந்தக் கார்டுகளின் எண் வரிசையை மனைவி ஃபெபிக்கும் விளக்கினார். "ரெண்டுன்றது ஆவடி. அஞ்சு, அம்பத்தூர் ஓ.டி. அங்க மனசு நிக்காது, அட்ச்சிக்கும். ஒண்ணு பாடி. பாடி வந்தா எறங்கிக்கலாம்."

ஃபெபி வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க எப்பத்தான் எறங்குவீங்க?"

நியாயமான கேள்வி. பேண்டில் அந்தப் பாட்டை வாசிக்கும்போது நடுவே அரை நிமிடம் அவருக்கென்று ஒதுக்கியது. அந்தக் கார்டுகளின் மேல் அப்போது தோன்றுவதை வாசிக்க வேண்டும். இதுவரை ஆறு கல்யாணத்திலும் அந்த இடம் வந்ததும் கிட்டார் பிரசன்னாவைப் பார்த்துத் தலையாட்டி, அவனிடம் விட்டுவிட்டார். "ஒரு எடம் இன்னும் புடிபடல மாமே."

பரந்தாமன் கறாராகச் சொல்லிவிட்டார். "தபாரு ஜாபஸு, இந்தவாட்டியும் உட்டேன்னா அது பிரசன்னாவுக்குத்தான். அப்பால என்னாண்ட வராத."

ஏழாவது, திருவேற்காட்டில் ரிசப்ஷன். மணப்பெண் அவருடைய சர்ச்சுதான். முன்வரிசை முழுக்க சபையார். அரை நிமிடம் வந்தது. ஜாபஸ் கையை வைத்தார். பதினோரு மாத ஆராய்ச்சி காலை வாரிவிட்டது. இருபது வருஷ ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே, ஜெபம் முடிந்ததும் வாசிக்கும் அந்த இரண்டு கார்டுகளை வாசித்துவிட்டன. முன்வரிசை ஒரே குரலில் "ஆமென்" என்றது. பிரியாணித் தட்டோடு நின்றவர் உட்பட.

ஜாபஸுக்குக் காது சிவந்தது. அதையே சற்று ஏற்றி மறுபடி வாசித்தார். "ஆமென்." வேண்டுமென்றே இழுத்து, தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி, இன்னொரு முறை. சபையார் விடுவதாக இல்லை. டிரம்ஸ் ஆசிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதன்பின் வாசித்தது எதையும் ஜாபஸ் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

அரை நிமிடம் முடிந்தது. அடுத்து வாசிக்க பிரசன்னா கிட்டாரோடு முன்னால் வந்தான். ஜாபஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வலது கை வாசித்துக்கொண்டே இருக்க, இடது கையைத் தூக்கி அவனை அங்கேயே நிறுத்தினார்.