ஞாயிற்றுக்கிழமை ஏறிய வள்ளம்

சாத்தான்குளத்தில் கடை நடத்திவந்த அக்கா, அதை மூடிவிட்டு மகனோடு இருக்க டெல்லிக்குக் கிளம்பினாள். புறப்படுவதற்கு முந்தின நாள் மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்ந்தும் அவள் படகில் ஏறியதே இல்லை.

"கரையில நின்னு கால நனைச்சதோட சரி. ஒரு தடவ ஏறிட்டுப் போயிருதேம்ல" என்றாள்.

காலையில் பழைய துறைமுகம், மாதா கோவில், சாலையோரத்து உப்புக் குவியல்கள் என்று காட்டினேன். மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். "வாயில வச்சதும் காணாமப் போயிட்டு" என்று இன்னொன்றை எடுத்தாள். கடல் முத்து எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். முத்துக்குளிப்பு நின்று பல வருடம் ஆகிறது, கடையில் இருப்பது வேறு ஊர் முத்து என்றேன். அதில் அவளுக்கு ஏமாற்றம் இல்லை. படகுதான் வேண்டும்.

மதியத்துக்கு மேல் புன்னைக்காயல் போனோம். வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசை நாளான ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை; அது ஊர்க்கட்டுப்பாடு.

வலைக்கொட்டகையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எனக்குப் பழக்கம். செய்திக்காகப் பலமுறை பேசியிருக்கிறேன். அக்காவை வள்ளத்தில் ஏற்ற முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்த வழக்கத்தப் பத்திப் பேப்பர்ல எழுதுனதே நீங்கதான? நாங்க வாசிச்சோம். நீங்க வாசிக்கலயோ?" என்றார் அவர்.

கொட்டகையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நாளைக்கே ஊரை விட்டுப் போகிறாள் என்று சொன்னேன். அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"கடலுக்குத்தான் போவக்கூடாது. ஆத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்லலயே?"

"கோட்டிக்காரன், பேச்சப் பாரு" என்றார் எதிரே இருந்தவர். ஆனால் வள்ளத்தைத் தாமிரபரணிக்குள் தள்ளிவிட முதலில் எழுந்து வந்தவரும் அவர்தான். அந்தக் கைகளுக்கெல்லாம் நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று முன்பே, வள்ளத்தை ஓட்டிவந்த என் பழக்கக்காரர் எஞ்சினை நிறுத்தினார். எதிரே அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. வள்ளம் ஏறி இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் விளிம்பை இறுகப் பிடித்தபடி அக்கா மறுகையைத் தண்ணீரில் விட்டு, விரலை நாக்கில் வைத்தாள்.

"ஏலே, உப்பால்லா கரிக்கு!"

"தண்ணி ஏறுத நேரம்க்கா. கடலு உள்ள வந்துட்டு" என்றார் அவர். "நாம போவல, அதுதான் வந்திருக்கு. ஊருல கேட்டா அது பதில் சொல்லட்டும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கடையை மூடிய பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. வள்ளம் கரைக்குத் திரும்பியபோது அவரிடம் மெதுவாகக் கேட்டாள்:

"இன்னொரு மட்டம் அங்கன கூட்டிட்டுப் போவியாய்யா?"

அவர் வள்ளத்தை மறுபடி அலைப்பக்கம் திருப்பினார்.