சுத்தம் செய்யப்போய் தமிழையே தொலைத்த கணினி

நோர்வூட்டில் சிறிய தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். கணினி மெதுவாக இயங்கியதால் ஹட்டனிலிருந்து ஒரு திருத்துநரை வரவழைத்தேன். அவர் ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று, கணினியின் உள்பதிவுகளைச் சுத்தம் செய்யும் ஒரு மென்பொருளைப் போட்டார். திரை நிறையப் பிழைகள் சிவப்பாக வந்தன. "எல்லாம் குப்பைங்க அக்கா, அழிச்சிட்டா பறக்கும்" என்றார். நம்பினேன்.

வேகம் துளியும் கூடவில்லை. மறுநாள் காலை, தன் தாயின் மரண அறிவித்தலை அடிக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் திறக்கவே இல்லை. அதற்கு வேண்டிய பதிவுகளையும் கிளீனர் அழித்திருந்தது. "பரவாயில்லைங்க, கையால எழுதிக்கிறோம்" என்று அழுத கண்ணோடு அவர் திரும்பிப் போனார்.

திருத்துநரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். "சில நேரம் அப்படி ஆகுங்க" என்றார், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல.

நுவரெலியாவில் வேறொருவர் தமிழ் மென்பொருளை மீண்டும் போட்டுத் தந்தார். ரேம் என்ற நினைவகம் போதாததுதான் கோளாறு என்றார். அதைக் கூட்டியதும் கணினி வேகமாக ஓடியது.

இப்போது யாராவது சுத்தம் செய்து தருவதாக வந்தால், "எதை அழிக்கப் போறீங்க, அது எதுக்கு இருக்கு, மொதல்ல அதச் சொல்லுங்க" என்கிறேன். அதைச் சொல்லத் தெரியாதவரைக் கணினியில் கைவைக்க விடுவதில்லை.